புது வண்டினத்தை விவரித்து வெளியிடுவது எப்படி: தீபகற்ப மலேசியாவில் வேலை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பினாங்குக் கொடிமலையிலோ உலு கோம்பாக் காட்டோரத்திலோ பிடித்த வண்டு எந்தப் பட்டியலிலும் சிக்கவில்லை என்றால், புதியவர்கள் முதலில் பெயர் யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெயர் கிட்டத்தட்ட கடைசிப் படி. ஏற்கெனவே பெயர் பெற்ற உறவு வண்டுகளைத் தேடிப் பார்த்து, "இது அவற்றில் எதுவுமில்லை" என்று காட்டுவதிலேயே முக்கால்வாசி வேலை போய்விடும். கீழே உள்ள படிகள் செய்ய வேண்டிய வரிசையிலேயே இருக்கின்றன. வரிசை மாறினால் எங்கே இடிக்கும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

1. அனுமதி

காப்புக்காடு என்றால் அந்த மாநில வனத்துறையிடமும், பினாங்குத் தேசியப் பூங்கா போன்ற இடம் என்றால் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். இதற்கு மேல் 795ஆம் சட்டம் இருக்கிறது. உயிரியல் வளங்களை அணுகுவது, பயனைப் பகிர்வது பற்றிய அந்தச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில் உள்ளது. வணிக நோக்கமில்லாத ஆராய்ச்சியும் அதற்குள் வரும். பூர்வகுடி மக்களின் நிலத்தில் சேகரித்தால் அவர்களின் முன்சம்மதமும் தேவை. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. தீபகற்பத்தில் வாங்கிய தாள் அங்கே செல்லாது.

தனியாளாகச் சேகரிப்பவர் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் அல்லது அரசு ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. அனுமதி எண் இல்லாத மாதிரியைச் சேகரிப்பகங்கள் வாங்கத் தயங்கும். சேகரிப்பகம் வாங்காவிட்டால் ஹோலோடைப்பை, அதாவது புதுப் பெயரைத் தாங்கும் ஒரே மாதிரியை, வைக்க இடமில்லை. ஹோலோடைப்புக்கு இடமில்லாமல் புது இனமும் இல்லை. பிடித்த பிறகு பின்தேதியிட்டு அனுமதி வாங்க முடியுமா என்று கேட்டு வருபவர்களுக்குச் சொல்லக்கூடிய பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அனுமதியோடு போய் மறுபடி பிடியுங்கள்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

10 முதல் 80 மடங்கு வரை பெருக்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், கண்வில்லையில் பொருத்தும் அளவுகோல், அதைச் சரிபார்க்க ஸ்டேஜ் மைக்ரோமீட்டர். 5ஆம் எண் நுனிக் கூர்மையுள்ள இடுக்கி இரண்டு, துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் (2, 3 எண்), அமிலமற்ற தடித்த தாள், நீரில் கரையும் பசை, கிளிசரின், 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், நீர்த்த அசிட்டிக் அமிலம், ஊசியில் குத்தி வைக்கும் சிறு குப்பிகள்.

மலிவான ஊசியில் கை வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், அதிலும் கொழுப்பு அதிகமுள்ள வண்டுகளில், ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படர்ந்து நாளடைவில் வண்டையே பிளந்துவிடும். சேகரிப்புப் பெட்டிகளை 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காட்டும் உலர் அலமாரியில் வையுங்கள். ஏர்கான் ஓடும் அறைதானே என்று விட்டால், ஏர்கான் நின்ற ஒரு நீண்ட விடுமுறையில் பூஞ்சை ஏறிவிடும்.

3. பிடித்தவுடன்

ஒரே இடத்தில் கிடைத்த வண்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். உருவ ஆய்வுக்கானவற்றை எத்தில் அசிட்டேட் ஜாடியில் போடலாம். மூட்டுகள் தளர்வாக இருக்கும், பிறகு காலைப் பரப்புவது எளிது. மரபணு ஆய்வுக்கு இரண்டு மூன்றையாவது நேராக 95 விழுக்காடு எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். எத்தில் அசிட்டேட் மரபணுவைச் சிதைக்கும். எத்தனால் மூட்டை இறுக்கும். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டால் இரண்டில் ஒரு வேலை கெடும்.

குப்பிக்குள் பென்சிலால் எழுதிய தாளை அப்போதே போடுங்கள். குப்பியின் வெளியே மார்க்கரால் எழுதினால் எத்தனால் ஒரு சொட்டுச் சிந்தியதும் எழுத்து ஓடிவிடும்.

ஓர் எச்சரிக்கை. பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்திலோ செம்பனை ஓரத்திலோ விளக்குக்கு வந்து விழும் பெரிய வண்டுகளில் பெரும்பாலானவை ஆசியா முழுவதும் பரவியவை. உழைப்புக்குப் பலன் கிடைப்பது இலைச்சருகைச் சலிப்பதிலும், சாணப் பொறியிலும், அழுகிய மரத்திலும், 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த உருவங்களிலும்தான்.

4. குத்துவது, ஒட்டுவது, லேபிள்

ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வண்டை, வலது மேலிறகின் முன்பகுதியில் ஊசி குத்தி, நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே வெளிவரும்படி செய்யுங்கள். நடுவில் குத்தினால் இரண்டு மேலிறகுகளும் விரிந்துவிடும். எல்லோரும் வலப்பக்கமே குத்துவதால் இடப்பக்கம் எப்போதும் முழுதாகக் கிடைக்கும். அதைவிடச் சிறியவற்றை அட்டை முனையில் நீரில் கரையும் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ பயன்படுத்தியவர்கள் வயிற்றுப் பகுதியைப் பிரிக்கும் நாளில் வருந்துவார்கள்.

லேபிளில் நாடு, மாநிலம், இடம், தசம வடிவில் அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பிடித்த முறை, பிடித்தவர் பெயர் இருக்க வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுங்கள். 4/5 என்று எழுதினால் ஏப்ரலா மே மாதமா என்று வேறு நாட்டவருக்குத் தெரியாது. "கோலாலம்பூர்" என்று மட்டும் எழுதுவது போதவே போதாது. எந்தக் குன்று, எந்த ஆற்றோரம் என்று தெரியாவிட்டால் அந்த வண்டை மறுபடி தேடிப் போக யாராலும் முடியாது.

புதிதாக வந்த எதையும் சேகரிப்புப் பெட்டியில் சேர்க்கும் முன் மூடிய பையில் வைத்து ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரியில் உறையவிடுங்கள். சேகரிப்பைத் தின்னும் டெர்மெஸ்டிட் வண்டுகள் புதுச் சரக்கோடுதான் உள்ளே வருகின்றன.

5. பேரினம் வரை போங்கள், அங்கே நில்லுங்கள்

குடும்பம், துணைக்குடும்பம், பேரினம் என்று திறவுகோல்களை, அதாவது பண்புகளைப் படிப்படியாகக் கேட்டு அடையாளம் காட்டும் அட்டவணைகளை, கொண்டு இறங்குங்கள். கால் கணுக்களின் எண்ணிக்கையை மூன்று ஜோடிக் கால்களிலும் தனித்தனியாக எண்ணுங்கள். பல குடும்பங்களில் ஒரு கணு அடுத்ததற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தவறாக எண்ணிவிட்டு வேறு குடும்பத்தில் மாதக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

அந்தப் பேரினத்தில் எத்தனை இனம் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். ஒந்தோஃபாகஸ் என்ற சாணவண்டுப் பேரினத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. அத்தகைய பேரினத்தில் கை வைப்பதற்கு முன், அதில் ஏற்கெனவே வேலை செய்பவர் ஒருவருக்கு எழுதுங்கள். அவர் மேசையில் உங்கள் வண்டு எழுதி முடித்த நிலையில் கிடக்கலாம்.

6. பழைய இலக்கியம்: எங்கே தேடுவது, எப்படித் தேடுவது

இந்தப் படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். "மலேசிய வண்டுகள்" என்று தேடி, அந்தப் பட்டியலில் இல்லாததைப் புதிது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வண்டுக்கு நாட்டு எல்லை தெரியாது. தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, ஜாவா எல்லாம் பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது ஒரே நிலமாக இருந்தவை. எனவே குறைந்தது இந்த நான்கோடு தென் தாய்லாந்தையும் மியன்மாரின் தென்கோடியையும் சேர்த்துத் தேட வேண்டும். அந்தப் பரப்பில் உங்கள் பேரினத்திலுள்ள ஒவ்வோர் இனத்தின் முதல் விவரணையையும் படிக்க வேண்டும். திறவுகோலைப் படித்தது போதாது.

பெரும்பாலான பழைய விவரணைகள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவை லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் நாலு வரியில் முடிந்திருக்கும். தேடும்போது இன்றைய பெயர்களை மட்டும் போடாதீர்கள். பினாங்கு "பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு" என்றும், "புலோ பினாங்" என்றும், ஒரே ஒரு எழுத்து மாறியும் அச்சாகியிருக்கும். "மலாக்கா" என்ற லேபிள் பல சமயம் தீபகற்பம் முழுவதையும் குறித்தது. துறைமுகம் வழியாகக் கப்பலேறிய மாதிரிகளுக்குத் துறைமுகத்தின் பெயரையே ஊராக எழுதியதும் உண்டு.

கைவிடப்பட்ட பெயர்களையும் விடாதீர்கள். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தியதே பொதுவாகச் செல்லும். நம் மலைக்காடுகளின் மூன்று கொம்பு வண்டை நெடுநாள் கால்கோசோமா காக்கசஸ் என்று அழைத்தார்கள். அது 1801இல் வைத்த பெயர். 1789இல் வைத்த கைரான் என்ற பெயர் முந்தியதால் இன்று அதுவே செல்கிறது. உங்கள் புது வண்டும் இப்படி யாரோ வைத்து, யாரோ மறந்த ஒரு பெயரின் சொந்தக்காரனாக இருக்கலாம்.

7. டைப் மாதிரிகளைப் பார்ப்பது

நாலு வரி விவரணையைக் கொண்டு இரண்டு இனங்களைப் பிரிக்க முடியாது. அந்தப் பெயர் எந்த மாதிரிக்கு வைக்கப்பட்டதோ அந்த மாதிரியையே பார்க்க வேண்டும். மலாயா வண்டுகளின் பழைய டைப்புகளில் பெரும்பங்கு லண்டன், பாரிஸ், லெய்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நேரில் போக முடியாவிட்டால் பொறுப்பாளருக்கு எழுதிப் படம் கேளுங்கள். "மேலிருந்து ஒரு படம்" என்று கேட்காதீர்கள். எந்த உறுப்பு, எந்தக் கோணம், ஏன் வேண்டும் என்று எழுதுங்கள். லேபிள்களின் படத்தையும் கேளுங்கள். ஏடியேகஸ் எனும் ஆணுறுப்பு ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இதற்கு மாதங்கள் ஆகலாம். அதனால் பதிலுக்குக் காத்திருக்கும்போதே அடுத்த மூன்று படிகளையும் செய்துகொண்டிருங்கள்.

8. ஆணுறுப்பைப் பிரித்தெடுப்பது

வெளியே அச்சாக ஒன்றுபோல் இருக்கும் வண்டுகள் ஏடியேகஸில் தெளிவாக வேறுபடுவது மிகச் சாதாரணம். இந்தப் படியைத் தாண்டிச் சென்ற கையெழுத்துப் பிரதியை இதழின் நடுவர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள்.

உலர்ந்த வண்டை ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் சேர்த்த வெதுவெதுப்பான நீரில் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். வயிற்றை அடியிலிருந்து மெல்லத் தளர்த்தி, கொக்கி ஊசியால் உறுப்பை வெளியே இழுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அறை வெப்பத்தில் இரவு முழுவதும் வைக்கலாம். சுடுநீர்த் தொட்டியில் என்றால் 10 முதல் 20 நிமிடம். சதை கரைந்து, கடினமான பகுதி தேன் நிறத்தில் தெளிந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் உள்பையின் மெல்லிய சவ்வும் அதிலுள்ள நுண்முட்களும் காணாமல் போகும். பல பேரினங்களில் இனத்தைப் பிரிப்பவை அந்த முட்களே. எடுத்ததும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்து, நீரில் கழுவி, கிளிசரினில் போடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

ஏடியேகஸை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பாருங்கள். கிளிசரினில் மிதந்து கொஞ்சம் சாய்ந்தாலே பாராமியர் எனும் பக்கக் கிளையின் நுனி வேறு வடிவமாகத் தெரியும். அடியில் மெல்லிய பஞ்சிழை வைத்து நிறுத்துங்கள். ஒரே ஒரு ஆணைப் பிரித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஐந்தாறு ஆணைப் பாருங்கள். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த, உடல் கெட்டியாகாத வண்டில் உறுப்பு சுருங்கி உருமாறியிருக்கும். வெளிர் நிறமும் அழுத்தினால் அமுங்கும் மேலிறகும் அதற்கு அடையாளம்.

முடிந்ததும் சிறு குப்பியில் கிளிசரினோடு போட்டு அதே ஊசியில் குத்திவிடுங்கள். தனிப் பெட்டியில் வைத்தால் பத்து வருடத்தில் எந்த உறுப்பு எந்த வண்டுடையது என்று எவருக்கும் தெரியாது.

9. அளவு எடுப்பது

ஒவ்வொரு பெருக்கத்துக்கும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரால் தனித்தனியாகச் சரிபார்த்து மாற்று எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள் என்பதைக் கட்டுரையிலேயே சொல்லுங்கள். தலை குனிந்த நிலையில் இறந்த வண்டுக்கும் நீட்டிய நிலையில் இறந்ததற்கும் "உடல் நீளம்" கணிசமாக மாறும். அதனால் முன்மார்புத் தட்டின் நீளத்தையும் மேலிறகின் நீளத்தையும் தனித்தனியாக அளந்து கூட்டுவது பாதுகாப்பு. கொம்பையும் தாடையையும் சேர்க்காதீர்கள்.

ஆண், பெண் அளவுகளைக் கலக்காதீர்கள். கொம்புள்ள வண்டிலும் கலைமான் கொம்பு போன்ற தாடையுள்ள வண்டிலும் சிறிய ஆணுக்குக் கொம்போ தாடையோ ஏறக்குறைய இருக்காது. பழைய காலத்தில் பெரிய ஆணும் சிறிய ஆணும் தனித்தனி இனமாகப் பெயர் வாங்கியது இப்படித்தான். இன்றும் அதே குழியில் விழுபவர்கள் இருக்கிறார்கள்.

10. படமும் மரபணுவும்

பல குவியங்களில் எடுத்த படங்களை ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக்குங்கள். எல்.இ.டி. வெளிச்சத்தை நேராக அடிக்காமல், வண்டைச் சுற்றி ட்ரேசிங் பேப்பரை உருளையாக நிறுத்துங்கள். நேர் வெளிச்சத்தில் மேலிறகு முழுக்க வெள்ளைத் திட்டாகிவிடும். மேற்பரப்பின் நுண்வலை தெரியாது. அளவுக்கோடு இல்லாத படம் பயனற்றது. உறவினத்தின் அதே உறுப்பை அதே கோணத்தில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

மரபணுவுக்கு, ஒரு பாராடைப்பின் (ஹோலோடைப்போடு சேர்த்துப் பட்டியலிடும் மற்ற மாதிரிகளில் ஒன்றின்) வலது நடுக்கால் போதும். வழக்கமாகப் படிப்பது சி.ஓ.1 மரபணுவின் 658 எழுத்துத் துண்டு. அது துணைச் சான்று. "இத்தனை விழுக்காடு வேறுபட்டால் புது இனம்" என்று எல்லா வண்டுக்கும் பொருந்தும் எல்லைக்கோடு கிடையாது.

11. ஹோலோடைப்பைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு மாதிரி. பெரும்பாலான குழுக்களில் ஆண், முழுமையான கால்களும் உணர்கொம்புகளும், பிரித்தெடுத்த ஏடியேகஸ், தெளிவான லேபிள். மிகப் பெரியதைத் தேர்ந்தெடுக்கும் ஆசையை அடக்குங்கள். சிவப்பு லேபிள் போடுங்கள். மீதியைப் பாராடைப் என்று தனித்தனியாகப் பட்டியலிடுங்கள். சந்தேகமுள்ள மாதிரியைப் பாராடைப்பில் சேர்க்காமல் வெளியே வையுங்கள்.

ஹோலோடைப் எந்தச் சேகரிப்பகத்தில் இருக்கும் என்பதைக் கட்டுரை சொல்லியாக வேண்டும். விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின்படி, 1999க்குப் பிறகு வெளியான இனங்களுக்கு அது கட்டாயம். பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பூச்சி வகைப்பாட்டு மையம், கெப்போங்கில் வன ஆராய்ச்சி நிலையம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகம் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை. "ஆசிரியரின் சொந்தச் சேகரிப்பில்" என்று எழுதுவதை விதி தடுக்காது. ஆனால் நடுவர் கேட்பார், கேட்க வேண்டும். பாராடைப்புகளை இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைத்தால் ஓரிடத்தில் தீயோ வெள்ளமோ வந்தாலும் எல்லாம் போகாது.

12. எழுதும் வரிசை

முதலில் வேறுபாட்டுக் குறிப்பு. நீண்ட விவரணையில் தொடங்கினால் தலையிலிருந்து வால்வரை எல்லாம் எழுதி முடித்தபின்னும் எது வேறுபாடு என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கும். மிக நெருங்கிய இரண்டு மூன்று இனங்களின் பெயரைச் சொல்லி, எந்த உறுப்பில் எப்படி வேறு என்று எழுதுங்கள். வேறுபாட்டுப் பண்புகளைச் சொற்களில் சொல்ல வேண்டும் என்பது விதி. படம் மட்டும் போட்டால் பெயர் செல்லாது.

"அதைவிடப் பெரியது, கறுப்பு, அதிக மினுமினுப்பு" என்பது குறிப்பாகாது. கொழுப்பு ஊறினால் எந்த வண்டும் கறுக்கும். இப்படி எழுதுங்கள்: "முன்மார்புத் தட்டின் நடுவே குழிப்புள்ளிகளின் இடைவெளி புள்ளி விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு, உறவினத்தில் அரை மடங்கு. பாராமியர் நுனி பக்கவாட்டில் கொக்கிபோல் வளைந்தது; உறவினத்தில் நேரானது." படிப்பவர் தன் மைக்ராஸ்கோப்பில் சரிபார்க்கக்கூடியதாக ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும்.

அதன் பிறகு விவரணை: உருவம், நிறம், தலை, முன்மார்பு, மேலிறகு, அடிப்பகுதி, கால், ஆணுறுப்பு, பெண், மாறுபாடு. ஹோலோடைப்பின் அளவைத் தனியாகவும் மற்றவற்றின் வீச்சைத் தனியாகவும் கொடுங்கள். ஹோலோடைப்பின் லேபிளில் உள்ளதை எழுத்து மாறாமல், பிழையிருந்தால் பிழையோடு எடுத்தெழுதுங்கள். ஏற்கெனவே உள்ள திறவுகோலில் உங்கள் இனம் எந்தப் படியில் நுழைகிறது என்றும் காட்டுங்கள்.

13. இப்போது பெயர்

பேரினத்தின் இலக்கணப் பாலைப் பாருங்கள், ஏனென்றால் லத்தீன் பெயரடை அதோடு ஒத்துப்போக வேண்டும். முடிவைப் பார்த்து ஊகிக்காதீர்கள். கால்கோசோமா "ஆ" என்று முடிவதால் பெண்பால் போலத் தோன்றும்; "சோமா" கிரேக்கத்தில் அலிபால் என்பதால் அது அலிபால். கறுப்பு என்று பெயர் வைத்தால் அங்கே நைக்ரம், நைக்ரா அல்ல.

ஆளின் பெயரை வைத்தால் ஆணுக்கு "ஐ" (i) எழுத்தும், பெண்ணுக்கு "ஏ, இ" (ae) எழுத்துகளும் இறுதியில் சேரும். கண்ணன் கண்ணனி ஆவான். ஆண்கள் அல்லது இருபாலார் குழுவுக்கு "ஓரம்", பெண்கள் மட்டும் என்றால் "ஆரம்". தமிழ்ப் பூப்பெயர், மலைப்பெயர் எதையாவது பெயர்ச்சொல்லாகவே வைத்தால் பால் தொல்லை இல்லை. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, காலாகாலத்துக்கும் சிரிப்பார்கள். அதே பேரினத்தில் அதே பெயர், இன்று வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்ட இனத்துக்கேனும் இருந்ததா என்று தேடுங்கள்.

இனத்தின் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயரும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். நம் பெயர்களில் இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் "ஏ/எல்", "ஏ/பி" இருப்பதால் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் பத்திரிகைகள் அதிகம். எந்த வடிவத்தில் அச்சாக வேண்டும் என்று முதல் கட்டுரையிலேயே முடிவு செய்து, ஆர்கிட் எனும் ஆய்வாளர் அடையாள எண்ணோடு கொடுத்துவிடுங்கள்.

14. வெளியிடுவது

அச்சாகும் நாள்வரை புதுப்பெயரை ஃபேஸ்புக்கிலோ மாநாட்டுச் சுருக்கத்திலோ ஆய்வேட்டிலோ போடாதீர்கள். பெயர் செல்லாத நிலையில் வெளியே அலையும். வேறொருவர் முந்திக்கொள்ளவும் வழியாகும். அதுவரை "இனம் 1" என்றே எழுதுங்கள்.

மின்னிதழில் மட்டும் வரும் கட்டுரை என்றால் 2012 முதல் ஜூபேங்க் எனும் விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு கட்டாயம். கட்டுரையை வெளிவருவதற்கு முன்பே பதிந்து, பதிவு எண்ணும் வெளியீட்டு நாளும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். சில இதழ்கள் தாங்களே பதிந்துகொள்கின்றன, சிலவற்றில் ஆசிரியரின் பொறுப்பு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புது இனம் என்ற குறிப்பு பெயருக்குப் பக்கத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும். ஜூடாக்ஸா, ஜூகீஸ், சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் புல்லட்டின், நம் நாட்டின் செராங்கா ஆகியவற்றில் வண்டுக் கட்டுரைகள் வருகின்றன.

15. அச்சுப்படிக்கும் வெளியீட்டுக்கும் நடுவில்

அச்சுப்படி வரும்போது பெயரின் எழுத்துக்கூட்டலைத் தலைப்பு, உரை, பட விளக்கம், திறவுகோல் எல்லாவற்றிலும் ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் ஒரு எழுத்து மாறினாலும் எது சரி என்று பிறகு ஒருவர் தனிக் கட்டுரை எழுத வேண்டிவரும்.

கட்டுரை வருவதற்கு முன்பே ஹோலோடைப்பைச் சேகரிப்பகத்தில் ஒப்படைத்துப் பதிவெண் வாங்கிக் கட்டுரையில் சேருங்கள். வெளிநாட்டுக்குப் பாராடைப் அனுப்புவதானால் ஏற்றுமதி அனுமதியைச் சரிபாருங்கள். எத்தனாலில் அனுப்பினால் விமானச் சரக்கு விதிப்படி ஒவ்வொரு குப்பியிலும் 30 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பெட்டிக்கு மொத்தம் 1 லிட்டர். ஊசி குத்திய வண்டுகளின் பெட்டியை நுரைத்துண்டுகள் நிரப்பிய பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கனமான வண்டுக்கு இருபுறமும் தாங்கு ஊசி குத்துங்கள். வழியில் ஒன்று கழன்று உருண்டால் பெட்டியிலுள்ள அத்தனை உணர்கொம்புகளும் போய்விடும்.